பதினோரு மீன், முப்பது நாள்

என் மருமகளுக்கு வேலை ஆஸ்பத்திரியில். கிட்னி கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே அனுப்புகிற மெஷின் இருக்கிறதே, டயாலிசிஸ் என்கிறார்களே, அதை ஓட்டுகிறவள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மெஷின் கத்தினால் ஓடிப் போய் நிற்கிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணி பஸ்ஸில் போவாள், மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். வந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் முதலில் போய் நிற்கிற இடம் மீன் தொட்டி. அப்புறம்தான் புருஷன், அப்புறம்தான் நான். எனக்கு அதில் மனத்தாங்கல் கிடையாது. மீனுக்கு ஒன்று என்றால் அது வாயைத் திறந்து கூப்பிடாது. நான் கூப்பிடுவேன்.

தொட்டி வந்த கதை சின்னது. என் மகன் வீடு மாற்றிப் போகிறவர்களுக்குச் சாமான் ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். யாரோ ஒரு வீட்டுக்காரர் புது வீட்டில் இதற்கு இடமில்லை என்று மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை அவன் தலையில் கட்டிவிட்டார். அவன் அதைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, "துணி ஊறவைக்க ஆகும்மா" என்றான். மருமகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மறுநாளே குழாயைத் திறந்து நிரப்பினாள், சாயந்திரமே ஆறு மீன் வாங்கி விட்டாள். ஒரு வாரத்தில் ஆறும் போய்விட்டது.

அன்றைக்குத்தான் அவளுடைய குணத்தை நான் முழுசாகப் பார்த்தேன். செத்த மீனை வலையால் எடுத்தாள், தண்ணீரை இறைத்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், தரையைத் துடைத்தாள். எல்லாம் முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"இவ்வளவு நேரம் எங்கடி வெச்சிருந்த இந்த அழுகைய?" என்றேன்.

"முதல்ல தண்ணி, அத்தை. அழுகைய அப்புறம் பாத்துக்கலாம். அங்க வார்டுல எங்களுக்கு அப்படித்தான்."

அதற்குப் பிறகு அவளுக்கு வராத சோதனை இல்லை. மூடியை அரை விரல் திறந்து வைத்த நாளில் ஒன்று குதித்து அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. இன்னொரு நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை கரண்ட் இல்லை, காற்று விடும் மோட்டார் நின்றுவிட்டது. தண்ணீரைச் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் காற்று கலக்கும் என்றாள். நான், மகன், அவள் என்று முறை போட்டு ஊற்றினோம். மறுநாள் என் வலது கை சோற்றுக்குக்கூட எழும்பவில்லை. ஆனால் ஒரு மீனும் சாகவில்லை. அந்த நாளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் கையைப் பற்றியும் சொல்லிவிடுவேன்.

இப்படி அடிபட்டு அடிபட்டு, இரண்டு வருஷத்தில் பதினோரு மீன் நிலைத்தது. குச்சி போல் மெலிந்து, உடம்பில் நீலக்கோடு மின்னுகிறவை ஏழு. கரிக்கட்டை நிறத்தில் இரண்டு. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்கிற சோம்பேறி ஒன்று. அப்புறம் முக்கோணமாக, பட்டம் போல, பெரிய ஏஞ்சல் மீன் ஒன்று. தீனி போட்டால் மற்றதையெல்லாம் விரட்டிவிட்டுத்தான் அது தின்னும். என் மகன் அதற்கு 'மாமியார்' என்று பேர் வைத்தான். நான் முறைத்தேன். "பாசமாத்தாம்மா வெச்சேன்" என்றான்.

மருமகளுக்கு ஒரு ஆசை இருந்தது. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே ஒரு காத்திருக்கும் அறை. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிற நாற்காலி. வாரம் மூன்று நாள், மெஷின் காலியாகும்வரை ஆட்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறையில் அசைகிற பொருள் கடிகாரம் ஒன்றுதான். அதனால் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தையல்காரர் இருக்கிறார், எட்டு வருஷமாக வருகிறார். "அந்தக் கடிகாரத்துல எத்தனை கீறல் இருக்குன்னு எனக்குத் தெரியும்மா" என்று இவளிடம் சொன்னாராம். அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் இல்லை. தன் தொட்டியை அங்கே வைக்க வேண்டும்.

வார்டுக்குத் தலைமை நர்ஸ் ஒரு அம்மாள். பெரிய சிஸ்டர் என்பார்கள். சிரித்து யாரும் பார்த்ததில்லை. இவள் போய்க் கேட்டதும் அந்த அம்மாள் சொன்னது இது: "இங்க வர்றவங்க ஒவ்வொருத்தரும் நாளைக்கு இருப்போமான்னு யோசிச்சிட்டு வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி மீன் செத்து மிதக்கக் கூடாது. முப்பது நாள், ஒண்ணுகூட சாகாம உன் வீட்டுல வெச்சுக் காட்டு. அப்புறம் பாக்கலாம்."

நியாயமான பேச்சு. மருமகள் சமையலறை நாள்காட்டியில், ஒரு மீனும் சாகாமல் ஒரு நாள் கழிந்தால் ஒரு மீன் படம் என்று வரைய ஆரம்பித்தாள். காபி போடும்போதெல்லாம் நான் எண்ணிப் பார்ப்பேன். பத்தொன்பது மீன் ஆனபோது வந்து சொன்னாள்:

"அத்தை, ஞாயித்துக்கிழமை பெரிய சிஸ்டர் சும்மா ஒரு எட்டு வந்து தொட்டியப் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

ஒரு வீட்டுக்கு விருந்தாளி, அதுவும் மருமகளின் மேலதிகாரி வருகிறாள் என்றால் மாமியார்காரி கையைக் கட்டிக்கொண்டு இருப்பாளா? மறுநாள் இவள் வேலைக்குப் போனதும் ஆரம்பித்தேன். திரைச்சீலை, மின்விசிறி, ஜன்னல் கம்பி, கதவுக்குப் பின்புறம். கடைசியில் தொட்டிக்கு வந்தேன். கண்ணாடி பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் தொங்குகிற ஃபில்டர் டப்பாவைத் திறந்தால், உள்ளே ஒரு ஸ்பாஞ்ச். அதை ஸ்பாஞ்ச் என்று சொல்லவே வாய் கூசும். காபிக் கசடு மாதிரி பழுப்பு, தொட்டால் வழவழ, வாடை வேறு. இந்த அழுக்கின் வழியாகவா தண்ணீர் ஓடி மீனுக்குப் போகிறது என்று எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

நான் செய்ததைச் சொல்கிறேன். வெந்நீரில் ஊறவைத்தேன். குழாய்க்கடியில் பிடித்து, பழுப்புப் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை கசக்கினேன். சோப்பு போடவில்லை, அந்த அளவு புத்தி எனக்கு உண்டு. மாடியில் நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தேன். வாங்கின அன்று இருந்த நீல நிறம் திரும்பிவிட்டது. மறுபடி வைத்து மூடினேன். அவளிடம் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த நாள் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு விடுமுறை. பல் தேய்த்துக்கொண்டே தொட்டிக்கு வந்தவள் அப்படியே நின்றாள். தண்ணீர் கஞ்சித் தெளிவு மாதிரி வெளுத்திருந்தது. மீன் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது. நீலக்கோடு போட்டதில் ஒன்று செடிக்கு அடியில் சாய்ந்து கிடந்தது.

என் மகன் ஓடி வந்தான். "ஐயோ, மாமியார் போயிடும் போல இருக்கே!" என்று அலறினான். எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, நான் நிற்பதைக் கண்டதும் மூடிக்கொண்டாள்.

மருமகளுக்கு அலறல் எல்லாம் கிடையாது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினாள். மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சை ஆனால் தண்ணீரில் விஷம், மீன் கழிக்கிற அசுத்தமே விஷமாகிறதாம். குப்பி இலை மாதிரி பச்சையாகிவிட்டது. குழாய்த் தண்ணீரின் குளோரின் போகட்டும் என்று ஒரு நாள் முன்னதாகவே பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் பின்கட்டில் எப்போதும் இரண்டு டிரம் இருக்கும். பாதித் தொட்டியை இறைத்துவிட்டு அதை ஊற்றினாள். அப்புறம்தான் ஃபில்டரைத் திறந்தாள்.

நீல ஸ்பாஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை, இத கழுவினீங்களா?"

"வீட்டுல ஒரு சாமான் அழுக்கா இருந்தா கழுவ மாட்டாங்களா?"

"வெயில்ல போட்டீங்களா?"

"போடாம? ஈரமா வெச்சா நாறாதா?"

அவள் கத்தியிருந்தால் நானும் இரண்டு கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். கத்தவில்லை. ஸ்பாஞ்சைத் திரும்ப வைத்தாள். "அந்த அழுக்குலதான் அத்தை உயிர் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர். மீனோட விஷத்த அதுங்கதான் தின்னுட்டு இருந்துச்சு. நம்ம தொட்டிக்குக் கிட்னி அதுதான்" என்றாள்.

"அழுக்கு கிட்னியாமே!" என்றேன். வாய் சொன்னதே தவிர, எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

"உங்க மேல தப்பு இல்ல. நான்தான் சொல்லி வெச்சிருக்கணும். ஞாயித்துக்கிழமை சிஸ்டர் வந்தா, என் கவனக்குறைவுல ஒண்ணு செத்துப் போச்சுன்னு சொல்லிடறேன்."

அன்று சாயந்திரம் நாள்காட்டியில் அவள் மீன் வரையவில்லை. இருபத்தொன்றோடு நின்றது. சாப்பாடு எடுத்து வைத்தேன், "அப்புறம் சாப்பிடறேன் அத்தை" என்றாள். அவளுக்கு அழுகை இன்னும் பாக்கி இருந்தது. குப்பி பச்சையாகவே இருந்ததால் அழ நேரம் வரவில்லை.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. செய்தது நான், கவனக்குறைவு என்று பேர் வாங்கப்போவது அவள். எட்டு வருஷம் கடிகாரத்துக் கீறலை எண்ணின மனிதர் இன்னும் எண்ண வேண்டும், நான் ஒரு ஸ்பாஞ்சைக் கசக்கியதால்.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனபின், வளர்ப்பு மீன் விற்கிற கடைக்கு பஸ் ஏறினேன். மகன் எங்கேயோ சாமான் ஏற்றப் போய்விட்டான், இல்லாவிட்டால் வண்டியில் போயிருப்பேன். கடைக்காரருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும்.

"வாங்கம்மா. உங்க மருமக வரல?"

"அவ வரல. நான் அந்த ஸ்பாஞ்சக் கழுவிட்டேன். வெந்நீர்ல. வெயில்லயும் போட்டேன். இப்ப என்ன பண்ணணும்?"

அவர் கையில் இருந்த வலையைக் கீழே வைத்தார். "சோப்பு?"

"அவ்வளவு முட்டாளா நான்?"

"அப்ப மீதி முட்டாள்தனம் எல்லாத்தையும் பண்ணிட்டீங்க" என்று சிரித்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கடையை விட்டு இறங்கியிருப்பேன். "அந்தச் சின்ன உயிரெல்லாம் புதுசா வளந்து வர்றதுக்கு மூணு நாலு வாரம் ஆகும்மா. ஆனா ஒரு வழி இருக்கு. நோய் நொடி இல்லாத தொட்டியில ஓடின பழைய ஸ்பாஞ்ச் ஒண்ணு கொண்டு போய் உங்க ஃபில்டருல வெச்சா, அதுல இருக்கற உயிரெல்லாம் அங்க வேலைய ஆரம்பிச்சிடும்."

"உங்ககிட்ட இருக்கா?"

"ரெண்டு வருஷமா ஓடற தொட்டி ஒண்ணு இருக்கு. அழுக்கு வேணும்னு கேட்டு என் கடைக்கு வந்த முத ஆள் நீங்கதான்."

அவர் எடுத்துக் கொடுத்தது நான் கழுவினதைவிட மோசம். கறுப்பும் பழுப்புமாக, சளி மாதிரி. அதே தொட்டித் தண்ணீரை ஊற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார். "காயக் கூடாது. சூடாகக் கூடாது. நேரா வீடு. வழியில யாருகிட்டயும் நின்னு பேசாதீங்க."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வெயில் என்று உள்பக்கம் உட்கார்ந்தேன். பாதி வழியில் மடி சில்லென்றது. பையின் அடியில் ஊசி முனையளவு ஓட்டை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸோ முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றதால் நகரவே இல்லை. பையைத் தலைகீழாகப் பிடித்தால் முடிச்சு வழியாக ஒழுகும். கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அமுக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க அது?"

"கிட்னி" என்றேன்.

அவள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். எனக்கும் இடம் தாராளமாகக் கிடைத்தது. இருபத்தைந்து நிமிஷம் அந்தக் கட்டைவிரலை நான் எடுக்கவில்லை. உடுத்தின துணியெல்லாம் பழுப்பு, வாடை. வாசலில் ஒரு செருப்பு மண்ணோடு கிடந்தால் சண்டை போடுகிற நான், சாக்கடையில் விழுந்தவள் மாதிரி தெருவில் நடந்து வந்தேன்.

மூன்று மணிக்கு மருமகள் வந்து பார்த்தபோது, ஃபில்டர் டப்பா முன்னால் பையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். நானாக உள்ளே வைக்கவில்லை. இனி அவளைக் கேட்காமல் அதைத் தொடுவதில்லை.

"அத்தை, என்ன இது கோலம்?"

"முதல்ல தண்ணி" என்றேன். "கோலத்த அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் பையைப் பிரித்து மோந்து பார்த்தாள். நல்ல சமையல் வாசனை பிடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, பையின் அடியில் மிஞ்சிய கலங்கலையும் ஊற்றினாள். தொட்டி முழுக்கக் குழம்பிப் போனது. துடைக்கத் துணி தேடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மீனுக்குத் தீனி இல்லை. "பட்டினி போடறியே" என்றேன். "தின்னா கழிக்கும், கழிச்சா விஷம்" என்றாள். அதற்குப்பின் என்னை உட்காரவைத்து, என் கட்டைவிரலை எடுத்துப் பார்த்தாள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிப் போயிருந்தது. அப்போதுதான் அழுதாள். நான் தட்டில் சோறு போட்டு வந்து பக்கத்தில் வைத்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கலங்கல் தெளிந்திருந்தது. குப்பியில் பச்சை இருந்தது, ஆனால் வெளிறிய பச்சை. மீன் எல்லாம் நடுத்தண்ணீருக்கு இறங்கியிருந்தது. 'மாமியார்' மறுபடி எல்லாரையும் விரட்ட ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

பெரிய சிஸ்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். தொட்டி முன்னால் குனிந்து நின்று எண்ணினார்கள்.

"பதினொண்ணுன்னு சொன்னே. பத்துதான் இருக்கு."

"ஒண்ணு செத்துப் போச்சு சிஸ்டர். வெள்ளிக்கிழமை. என் கவனக்குறைவு" என்றாள் மருமகள்.

"பொய் சொல்றா" என்றேன். "அந்த ஸ்பாஞ்சக் கழுவினது நான். அவ வேலைக்குப் போயிருந்தப்ப. நீங்க வர்றீங்கன்னு வீட்டச் சுத்தம் பண்ணினேன், அதையும் சேத்துப் பண்ணிட்டேன். எழுதறதா இருந்தா என் பேருல எழுதிக்கோங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்தார்கள். "எனக்காகவா கழுவினீங்க?"

"உங்களுக்காகத்தான். அப்ப பாதித் தப்பு உங்களோடது."

மருமகள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். சிஸ்டர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மீதிப் பத்தும் எப்படிப் பிழைத்தது என்று கேட்டார்கள். மருமகள் தண்ணீர் மாற்றியது, பட்டினி போட்டது, பழைய ஸ்பாஞ்ச் வைத்தது எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். என் கட்டைவிரலையும் சேர்த்துச் சொன்னாள். சிஸ்டர் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்கள்.

"சொன்னது சொன்னதுதான். முப்பது நாள். இன்னைக்கு ஒண்ணு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மருமகளோ, "சரி சிஸ்டர்" என்று வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, நாள்காட்டியில் ஒரு மீன் வரைந்தாள். அவ்வளவுதான் அவள்.

அன்றே இன்னொரு படமும் வரைந்து ஃபில்டர் டப்பாவின் மேல் ஒட்டினாள். எனக்கு எழுத்து வராதென்று படமாகவே போட்டிருந்தாள். ஒரு குழாய், அதன் கீழே ஸ்பாஞ்ச், பக்கத்தில் கொண்டை போட்ட ஒரு பெண். எல்லாவற்றின் மேலும் பெரிய பெருக்கல் குறி.

"இது யாருடி?" என்றேன்.

"பொதுவா ஒருத்தங்க" என்றாள்.

நான்கு நாளில் குப்பி மஞ்சளாகிவிட்டது. முப்பது மீனும் வரைந்து முடிந்தது. மகன் தன் வண்டியிலேயே தொட்டியை ஏற்றினான், மீன்களைத் தனித்தனிப் பையில் நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்பாஞ்சைப் பழைய தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் வைத்து மருமகளே பிடித்துக்கொண்டாள்.

இப்போது அந்தத் தொட்டி கடிகாரத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. மாதம் இரண்டு புதன்கிழமை நான் போகிறேன். எனக்கு அங்கே ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் ஸ்பாஞ்சை இரண்டே பிழி பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். குழாய்ப் பக்கம் போகக் கூடாது.

போன தடவை தையல்காரர் ஃபில்டர் மேல் ஒட்டியிருந்த படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கொண்டை போட்ட அம்மா யாருங்க?" என்று கேட்டார்.

"பொதுவா ஒருத்தங்க" என்றேன்.

ஒரு பிழி, இரண்டு பிழி. வாளித் தண்ணீர் பழுப்பானது. ஸ்பாஞ்சில் இன்னும் எவ்வளவோ அழுக்கு இருந்தது. மூன்றாவதுக்குக் கை துடித்தது. அப்படியே வைத்து மூடிவிட்டேன்.